நசுங்காத எலுமிச்சம்பழம்

முதுகு என்னவோ மூட்டை தூக்குகிறவனுடையதுதான். அது பிடித்துக்கொண்டால் முதலாளிக்கும் சேர்த்தே வலிக்கும். நம்பாதவர்கள் காங்கயம் அங்கமுத்துவின் கதையைக் கேளுங்கள். காது மட்டும் போதாது, கண்ணும் வேண்டும்.

அவருடைய அரிசி ஆலையில் மூட்டை அடுக்குவதில் கருப்பணனை மிஞ்ச ஆள் இல்லை. தை மாதத்தில் ஒரு காலை, மூட்டையை முதுகில் ஏற்றியவன் நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூன்று மாதம் பாரம் தொடக்கூடாது என்றார் டாக்டர். அவனுக்குப் பதில் வந்தவர்கள் போட்ட அடுக்கு இரண்டாம் நாளே சரிந்தது. மூட்டைகள் கிழிந்தன, கோவை லாரி நாள் முழுக்க நின்றது. அடுத்த வாரமும் அதே கதை.

ஆலையின் அரிசியில் பாதியை வாங்குகிற கோவை வியாபாரி லீலாவதி நேரிலேயே வந்துவிட்டார்.

"தப்பு யாரு மேலன்னு இப்பவே தெரியோணும். இல்லீன்னா நான் வேற மில்லு பாத்துக்கறேன்."

அங்கமுத்து கையைக் கூப்பினார். "நான் என்னங்க பண்ணட்டும்? ஆயுத பூஜைக்குப் புதுத் தள்ளுவண்டியே வாங்கிப் போட்டேன். வெள்ளிக்கிழமை தவறாம என் கையாலயே சக்கரத்துக்குப் பூ வெக்கறனுங்க."

மேஸ்திரி தெய்வசிகாமணி குறுக்கிட்டார். "மத்தவங்கெல்லாம் தெனமும் வண்டியிலதானுங்க தள்றாங்க. இவன்தான் வீம்புக்கு முதுகுல தூக்குனான்."

இடுப்பில் பட்டை கட்டி வந்திருந்த கருப்பணன், "பெயிண்டு போயிரும், வண்டியத் தொடாதீங்கன்னு மேஸ்திரிதானுங்க சொன்னாரு. முதலாளிகிட்டக் கேக்க எனக்கு வாய் வரலீங்க" என்றான்.

லீலாவதி வண்டியருகே போனார். பின்னால் ஒட்டினாற்போல் சுவர். முன்சக்கரங்களுக்கு எதிரே, பூஜையன்று வைத்த இரண்டு எலுமிச்சம்பழங்கள் கொட்டைப்பாக்காக வற்றி, முழுசாகக் கிடந்தன.

இப்போது சொல்லுங்கள்: மூவரில் பொய் சொன்னது யார்? பெரிய தப்பு யாருடையது?

விடை: பொய் மேஸ்திரியுடையது. பின்னால் சுவர் இருக்க, வண்டி ஒரு சாண் முன்னே வந்திருந்தாலும் பழம் நசுங்கியிருக்கும். பெரிய தப்போ அங்கமுத்துவுடையது. வாராவாரம் அதே சக்கரத்திடம் குனிந்தும், பழம் ஏன் நசுங்கவில்லை என்று கேட்காதவர் அவர்தானே! லீலாவதி இதை முகத்துக்கு நேரே சொன்னார். அங்கமுத்து வெட்கிப்போனார். வேட்டியை மடித்துக் கட்டி, வண்டியைத் தாமே தள்ளினார். எலுமிச்சம்பழம் படக்கென்று நொறுங்கியது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ தூக்க வேண்டாம் கருப்பணா. எந்த மூட்டைய எங்க வெக்கோணும்னு உக்காந்துட்டே சொல்லு" என்றார். அன்று போட்ட அடுக்கு சரியவில்லை.