விசில் ஊதாமல் தொடங்கிய ஆட்டம்

பாக்கியநாதன் எஸ்தர் டீச்சரிடம் கேட்டது புதிய கேள்வி ஒன்றும் இல்லை. அந்த மாதம் வடசென்னையில் எந்த டீக்கடை திறந்திருந்தாலும் அங்கே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கொரோனா இன்னும் ஓயவில்லை. நின்றுபோன கால்பந்து லீக்கை மறுபடி தொடங்கலாமா, கூடாதா?

டீக்கடைக்காரர்களுக்கு அது பொழுதுபோக்கு. பாக்கியநாதனுக்கு அப்படி இல்லை. அவர் நடுவர். இருபது வருஷமாக அந்த லீக்கில் விசில் ஊதுகிறவர். வயது நாற்பத்தைந்து முடிந்தால் நடுவர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அவருக்கு அந்த டிசம்பரோடு முடிகிறது. லீக் தொடங்காவிட்டால், மார்ச் மாதம் மழையில் பாதியில் கலைந்த ஒரு நட்பு ஆட்டம்தான் அவர் ஊதிய கடைசி ஆட்டம். தொடங்கினால், முதல் ஆட்டத்துக்கு நடுவர் அவர்தான். கடிதமே வந்துவிட்டது.

அவருக்கு ஆட்டம் நடக்க வேண்டும் என்று ஆசை. அதை வெளியே சொல்ல வெட்கம். அவர் தெருவில் கொரோனா வந்த மூன்று வீட்டு வாசலில் தகரம் அடித்து வைத்திருந்தார்கள். சட்டைப்பையில் அந்தக் கடிதத்தோடு அந்த வீடுகளைத் தாண்டிப் போவதே ஏதோ திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இருந்தது. அதனால்தான் டீச்சரிடம் போனார்.

எஸ்தர் டீச்சர் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நடுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். பாக்கியநாதனைவிட இரண்டு வயது சின்னவர்தான். ஆனால் விசிலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்பதிலிருந்து கற்றுக்கொடுத்தவர். அதனால் அவருக்கு டீச்சர், டீச்சர்தான். டீச்சரும் அவரை வாங்க, போங்க என்றுதான் பேசுவார், திட்டும்போதும் அப்படியே.

பள்ளி மூடிக் கிடந்தது. டீச்சர் வராந்தாவில் உட்கார்ந்து பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். காற்று இல்லாமல் கிடந்தால் பந்து சுருங்கிப் போகுமாம்.

பாக்கியநாதன் ஆறடி தள்ளி உட்கார்ந்து, டிவியில் கேட்டதை எல்லாம் கொட்டினார். ஆட்டக்காரர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள்தானே என்கிறார் ஒருவர். ஜனங்களுக்கு ஒரு தெம்பு வேண்டாமா என்கிறார் இன்னொருவர். சாவு வீட்டுக்குப் பக்கத்தில் பந்து விளையாடுவீர்களா என்று கேட்கிறார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது. இதற்குள் டீச்சர் மூன்று பந்துகளுக்குக் காற்று அடித்து முடித்திருந்தார்.

"ஆடலாமா, கூடாதா டீச்சர்? எதுனா ஒண்ணு சொல்லுங்க."

"விசில் ஊதறதுக்கு முன்னாடி என்னென்ன பாப்பீங்க?"

இது என்ன கேள்வி என்று நினைத்தாலும் பாக்கியநாதன் ஒப்பித்தார். கோல் வலை. மூலைக் கொடி. பந்தில் காற்று. இரண்டு பக்கமும் கோல்கீப்பர். கடைசியாக ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸ் வராமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. நடுவில் அது கிளம்பிவிட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அரை மணி நேரத்தில் திரும்பாவிட்டால் ஆட்டம் ரத்து. லீக் விதி அது.

"ஞாயித்துக்கிழமையும் அதையே பாருங்க."

"அவ்ளோதானா?"

"பாருங்கன்னு சொன்னேன். டிக் போட்டுட்டு வரச் சொல்லல."

அதற்கு மேல் டீச்சரிடமிருந்து ஒன்றும் பெயராது என்று பாக்கியநாதனுக்குத் தெரியும். எழுந்து வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆட்டம். மைதானத்தின் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். பத்தாயிரம் பேர் உட்காரும் கேலரியில் காக்கைகள் மட்டும் இருந்தன. சிவப்பு ஜெர்சிக்காரர்கள் ஒரு பக்கமும் மஞ்சள் ஜெர்சிக்காரர்கள் ஒரு பக்கமும் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஆட்டத்தை மேற்பார்வை பார்க்க லீக் அனுப்பியிருந்தது எஸ்தர் டீச்சரைத்தான். அவர் மேஜை போட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

லீக் செயலாளர் தாமோதரன் ஒரு நிமிஷம் உட்காரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த ஓர் ஆட்டத்துக்கு அனுமதி வாங்க அவர் மூன்று மாதமாக ஏறாத ஆபீஸ் இல்லை. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானபோது அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பத்து நிமிஷம் கழித்து வண்டி வந்தது. தெற்கு கோலுக்குப் பின்னால் வேப்ப மர நிழலில் போய் நின்றது.

பாக்கியநாதன் வலையைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். பந்தை அமுக்கிப் பார்த்தார். கடைசியாக ஆம்புலன்ஸுக்குப் போனார்.

டிரைவர் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு நர்ஸ், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஸ்ட்ரெச்சர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே ஆக்சிஜன் சிலிண்டரில் தலையை முட்டுக்கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாதுகாப்பு உடையை இடுப்புவரை கழற்றியிருந்தாள். மாஸ்க் அழுத்திய தடம் இரண்டு கன்னத்திலும் சிவந்திருந்தது.

கதவைத் தட்டத் தூக்கிய கையைப் பாக்கியநாதன் இறக்கிக்கொண்டார். பின்னால் வந்த தாமோதரன் ரகசியக் குரலில் சொன்னார்: நேற்று காலையிலிருந்து இவர்கள் வீட்டுக்கே போகவில்லையாம். வண்டி நின்ற நிமிஷமே இரண்டு பேரும் சாய்ந்துவிட்டார்களாம்.

பட்டியலில் அடுத்தது எதுவும் இல்லை. டிக் போட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். பாக்கியநாதன் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு நடுவட்டத்துக்குப் போனார். கைக்கடிகாரத்தைப் பூஜ்யத்தில் வைத்தார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி விசிலை வாயில் வைத்தார். அவர் விசிலைப் பற்றி ஆட்டக்காரர்களிடம் ஒரு கிண்டல் உண்டு. பாக்கியநாதன் இங்கே ஊதினால் பெரம்பூரில் ரயில் நிற்கும் என்பார்கள்.

அவர் மூச்சை இழுத்தபோது எஸ்தர் டீச்சர் மேஜையை விட்டு எழுந்து மைதானத்துக்குள் நடந்து வந்தார். தன் மாஸ்க் மேல், உதடு இருக்கும் இடத்தில், ஒரு விரலை வைத்தார்.

"விசில் இல்லாம எப்படி டீச்சர்? ரூல்படி தப்பாச்சே."

"தப்புதான்."

"அப்புறம்?"

"ரிப்போர்ட்ல எழுதிடறேன்."

டீச்சர் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். பாக்கியநாதன் விசிலைப் பையில் போட்டார். இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இருவரும் வேப்ப மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்த்துப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தார். இரண்டு பேரும் போய்த் தங்கள் ஆட்களின் காதில் சொன்னார்கள்.

பாக்கியநாதன் கையைத் தூக்கி இறக்கினார். ஆட்டம் தொடங்கியது.

இருபது வருஷத்தில் அப்படி ஓர் ஆட்டத்தை அவர் பார்த்ததில்லை. பந்து கேட்கிறவன் கையைத்தான் ஆட்டினான். 'பின்னாடி ஆள்' என்று கத்த வேண்டிய இடத்தில் கோல்கீப்பர் தரையைக் காலால் தட்டினான். பாக்கியநாதன் கையைத் தூக்கினால் இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். தடுக்கி விழுந்தவன்கூட வாயைப் பொத்திக்கொண்டு உருண்டான். நடுவரிடம் சண்டை பிடிக்கக் குரல் வேண்டும் என்பதால் யாரும் சண்டை பிடிக்கவில்லை. இந்த வழியை முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அவருக்குத் தோன்றியது.

முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் மஞ்சள் அணி கோல் போட்டது. போட்டவன் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு மூலைக் கொடிவரை ஓடி, அங்கே நின்று தனியாகக் குதித்தான். மற்றவர்கள் தூரத்தில் நின்று குதித்தார்கள். பாக்கியநாதனுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. இப்படியே தொண்ணூறு நிமிஷம் போனால் போதும், அதற்குமேல் எதுவும் கேட்க மாட்டேன் என்று நினைத்தார்.

அப்போதுதான் போன் அடித்தது.

கூட்டம் இருந்திருந்தால் கேட்டிருக்காது. விசிலும் சத்தமும் இருந்திருந்தாலும் கேட்டிருக்காது. அந்த அமைதியில் மைதானம் முழுக்கக் கேட்டது. ஆம்புலன்ஸின் டாஷ்போர்டில் டிரைவரின் போன். அடித்து ஓய்ந்தது. டிரைவர் அசையவில்லை. மறுபடி அடித்தது.

யாரும் சொல்லாமலே ஆட்டக்காரர்கள் நின்றார்கள். பாக்கியநாதன் வடக்கு கோல் பக்கம் இருந்தார். வண்டி எதிர்க்கோடியில். கோட்டோரமாக ஓடி வந்த தாமோதரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"பாக்கியம், அடிச்சு ஓயட்டும். ரெண்டு தடவை பாத்துட்டு வேற வண்டியக் கூப்பிட்டுப்பாங்க. பாவம், அந்தப் பொண்ணும் தூங்கட்டும். நீயும் உன் ஆட்டத்த முடி."

அதில் ஒரு வார்த்தைகூடக் கெட்ட வார்த்தை இல்லை. எல்லாம் பரிவுதான். பேசாமல் இருந்தால் போதும். அவர்கள் தூக்கமும் கெடாது, ஆட்டமும் கெடாது. வண்டி கிளம்பினால் விதிப்படி நிறுத்த வேண்டியவர் அவர்தான். நின்றால் திரும்ப அனுமதி கிடைப்பதற்குள் டிசம்பர் போய்விடும்.

பாக்கியநாதன் டீச்சரைத் தேடிப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் மூன்றாவது தடவை அடித்தது.

பாக்கியநாதன் பையிலிருந்து விசிலை எடுத்தார். மாஸ்க்கை இறக்கினார். ஊதினார்.

கேலரியில் இருந்த காக்கைகள் மொத்தமாக எழும்பின. டிரைவர் துள்ளி எழுந்து போனைக் காதில் வைத்தார். எருக்கஞ்சேரியில் ஒருவருக்கு மூச்சு முட்டுகிறதாம், வேறு எந்த வண்டியும் கிடைக்கவில்லையாம். நர்ஸ் தூக்கம் கலையாத கண்ணோடு கீழே இறங்கி, பாதுகாப்பு உடையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்து நின்ற பாக்கியநாதனைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"மன்னிச்சுக்குங்க சார். கண்ணசந்துட்டோம்."

பாக்கியநாதன் கேட்டைத் திறக்கச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார். வண்டி சைரன் போட்டுக்கொண்டு போனது. கைக்கடிகாரத்தை நிறுத்தினார்.

அரை மணி நேரம் ஆட்டக்காரர்கள் புல்லில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். வண்டி திரும்பவில்லை. பாக்கியநாதன் ஆட்டம் ரத்து என்று அறிவித்தார். போட்ட கோலும் கணக்கில் இல்லை. மஞ்சள் கேப்டன் பந்தைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தான். கைகொடுக்கக் கூடாது என்பதால் முழங்கையை நீட்டினான். தாமோதரன் கோபிப்பார் என்று பார்த்தால் அவர் கோபிக்கவில்லை. கோட்டோரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தார்கள்.

எல்லோரும் போன பிறகு பாக்கியநாதன் கேலரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். இனி ஒரு தடவை நடுவட்டத்தில் நிற்கப்போவதில்லை என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. டீச்சர் இரண்டு படி மேலே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார். பாக்கியநாதன் அழுது முடிக்கும்வரை பேனாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாக்கியநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல டீச்சர். ஆடலாமா, கூடாதா?"

டீச்சர் பேனாவை மூடினார்.

"ஆட்டம் ஆரம்பிச்சப்புறம் அந்தப் பொண்ணு எவ்ளோ நேரம் தூங்குச்சு?"

பாக்கியநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு நிமிஷம்."

"அப்ப முப்பத்தெட்டு நிமிஷம் ஆடலாம்."