அற்புதமேரியின் அத்தாட்சி

கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து மணலுக்குப் போகப் புதிதாக ஒரு நடைபாலம் கட்டினார்கள். அதன் படிக்கட்டு ஓரம் மீன் வறுத்து விற்றுவந்தாள் அற்புதமேரி. திறப்பு விழாவுக்கு முதல் நாள் திட்ட அதிகாரி கஜபதி ஆட்களோடு வந்து நின்றார்.

“இந்த இடமே மாறப்போகுது. கடையை எடும்மா.”

“பதினாறு வருஷமா இங்கதான் சார் இருக்கேன்.”

“உனக்கு இங்க இடம்னு என் கையெழுத்தும் ஆபீஸ் முத்திரையும் போட்ட அத்தாட்சி இருக்கா? காட்டு, நானே கடை போட்டுத் தர்றேன்.”

ஆட்கள் சிரித்தார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, “வாங்க சார், காட்டுறேன்” என்று நிலைய வாசலுக்கு நடந்தாள்.

அங்கே இருபதடி உயரத்தில் ‘நாளைய கடற்கரை’ என்று ஒரு விளம்பரப் பலகை. பளபளக்கும் பாலம், அதன் படியோரம் குடை நிழலில் மீன் வறுக்கும் ஒரு பெண். வரைந்தவர் அவளைப் பார்த்தே வரைந்திருந்தார். கீழே ஆபீஸ் முத்திரை, கஜபதியின் கையெழுத்து.

“நாளைக்கும் நான் இங்கதான்னு நீங்கதான சார் ஊருக்கே சொல்லியிருக்கீங்க!”

ஆட்கள் இப்போது அதிகாரியைப் பார்த்தார்கள். கஜபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சரிம்மா, சொன்ன மாதிரியே கடை போட்டுத் தர்றேன்.”

“குடையும் சார். படத்துல இருக்கு பாருங்க.”