மன்னர் சுவைத்த நுண்கணிதம்

மருதங்கோட்டையை ஆண்ட கொற்றவேல் மன்னருக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்து நாட்டில் யானை வாங்கினால் இவருக்கும் யானை வேண்டும். அங்கே மயில் ஆடினால் இங்கேயும் ஆடியாக வேண்டும். ஆடாத மயிலுக்கு அன்று இரை கிடையாது.

அவருடைய ஒரே மகள் நறுமுகை அரண்மனைப் பள்ளியில் மேல்வகுப்புக்கு வந்திருந்தாள். அங்கே இயற்பியலை இரண்டு விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இயற்கணிதத்தை வைத்துப் படித்தால் காலையோடு பாடம் முடியும். நுண்கணிதத்தை வைத்துப் படித்தால் பொழுது சாய்ந்தாலும் முடியாது. நறுமுகைக்கு வைத்தியராக வேண்டும் என்று ஆசை. அதற்கு இயற்கணித வகுப்பே போதும், மதியம் வைத்தியசாலைக்கும் போகலாம் என்று நினைத்திருந்தாள்.

"பக்கத்து நாட்டு இளவரசன் நுண்கணிதம் படிக்கிறானாம். நாளையிலிருந்து நீயும் அதையே படி," என்றார் மன்னர்.

"அப்புறம் வைத்தியசாலைக்கு எப்போதப்பா போவது?"

"நம் நாட்டில் வைத்தியர்கள் எத்தனையோ பேர். நுண்கணிதம் படித்த இளவரசி ஒருத்திகூட இல்லையே."

சொல்லிவிட்டு மகளுக்குப் பலாப்பழப் பாயசம் கொண்டுவரச் சொன்னார். அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். இளவரசிக்கு எதைக் கொடுக்கச் சொன்னாலும், சொன்னவர்தான் முதலில் சுவைக்க வேண்டும். அவருக்கு அது செரித்த பிறகே இளவரசிக்குப் பரிமாறுவார்கள். அன்றும் பாயசம் ஆறி அவலான பிறகுதான் நறுமுகைக்குக் கிடைத்தது. அவள் அதை வாயில் வைக்கவே இல்லை. கிண்ணத்தோடு நேரே அமைச்சர் வெண்காடரிடம் போய் அழுதாள். அவருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறிப்போன பாயசக் கிண்ணத்தைப் பார்த்ததும் ஒரு யோசனை தோன்றிச் சிரிப்பு வந்தது.

மறுநாள் சபையோர் முன்னிலையில் முதல் பாடம். நுண்கணித ஆசிரியர் சிவசைலம் வாயைத் திறக்குமுன் வெண்காடர் எழுந்தார்.

"மன்னா, இந்தப் பாடத்தை இளவரசிக்குக் கொடுக்கச் சொன்னவர் தாங்கள். முதல் கவளம் தங்களுடையது."

"அந்த வழக்கம் சாப்பாட்டுக்கல்லவா?"

"'எதைக் கொடுக்கச் சொன்னாலும்' என்பதுதான் தங்கள் பாட்டனார் ஆணை. வேண்டாமென்றால் அந்த ஆணையையே எடுத்துவிடலாம்."

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மன்னர் மீசையை நீவிக்கொண்டு, இளவரசிக்குப் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்தார்.

"மேலே எறிந்த கல்லுக்கு இந்த ஒரு கணத்தில் மட்டும் வேகம் என்ன?" என்று தொடங்கினார் சிவசைலம். "நேரம் பூஜ்யத்தை நெருங்குகிறது. தூரமும் பூஜ்யத்தை நெருங்குகிறது. தூரத்தை நேரத்தால் வகுக்க வேண்டும்."

"ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லாததால் வகுத்தால் என்னய்யா வரும்?"

"அதைத்தான் மன்னா, வருஷம் முழுக்கப் படிக்கப்போகிறோம்."

மதியத்துக்குள் மன்னருக்குத் தலை சுற்றியது. ஒத்துக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. "பிரமாதமான பாடம்," என்றார்.

"செரித்துவிட்டதா, மன்னா?" என்றார் வெண்காடர்.

"செரித்துக்கொண்டிருக்கிறது."

"முழுக்கச் செரிக்க எத்தனை நாளாகும்?"

மன்னர் ஆசிரியரைப் பார்த்தார். சிவசைலத்துக்குப் பொய் சொல்ல வராது. "மன்னருக்கென்றால், ஏழெட்டு வருஷம் பிடிக்கும்," என்றார்.

"அதுவரை இளவரசியைப் பட்டினி போடுவதா?" என்றார் வெண்காடர். "இயற்கணிதம் தங்களுக்குச் சின்ன வயதிலேயே செரித்துவிட்டது. இப்போதைக்கு அதைப் பரிமாறிவிடுவோம்."

நறுமுகையின் முகம் மலர்ந்ததைக் கண்டதும் மன்னர் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடரிடம் கொடுத்தார்.

"சரி ஐயா, அவளைக் காப்பாற்றிவிட்டீர். ஏழெட்டு வருஷம் இது என் வயிற்றில் கல்லாகக் கிடந்தால் என் கதி?"

"கவலை வேண்டாம், மன்னா. அதற்குள் இளவரசி வைத்தியராகிவிடுவார். அஜீரணத்துக்கு அவரே கஷாயம் வைத்துக் கொடுப்பார்."