மூக்கு வச்ச கரண்ட் பெட்டி

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சு. சாயங்காலம் பாத்தா இருக்கு. காலையில எந்திரிச்சுப் பாத்தா, அந்த எடத்துல வீட்டக் காணோம்!

யாத்தாடி! வீட்ட எவன் தூக்கிட்டுப் போனான்னு ஊரே கூடிருச்சு. ஒருத்தனும் தூக்கல. அந்த வீட்டுக்கு நாலு சக்கரம் இருந்துச்சு. அதுவா உருண்டு போயிருச்சு. ம் சொல்லு.

ம்.

அது ஒரு பழைய வேனு. உள்ள படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, சாமி படம் உண்டு. அதுல மூணு பேரு. ஆவுடைன்னு ஒருத்தன், மிக்சியும் கேஸ் அடுப்பும் ரிப்பேர் பாக்கிறவன். அவன் பொஞ்சாதி பிரமு. அவங்க மக இசக்கி. ஆறு வயசு, உன் வயசுதான்.

ஏன் வீட்ட வேன்ல வச்சுக்கிட்டாங்கன்னு கேளு. இசக்கிக்கு மூச்சு முட்டும். நெஞ்சுக்குள்ள கீச் கீச்சுன்னு குருவி கத்துற மாதிரி சத்தம் வரும். இருந்த ஊர்ல பஞ்சு மில்லு. காத்தெல்லாம் பஞ்சு. டாக்டரம்மா சொன்னாங்க, "நல்ல காத்து இருக்கிற எடமாப் பாத்து வைங்க. முட்டுச்சுன்னா உடனே மூச்சு மிஷின வச்சிருங்க, லேட் பண்ணாதீங்க"ன்னு. மருந்த ஊத்தி, மூக்குல மூடிய வச்சா, டர்ர்ருன்னு பொகை மாதிரி மருந்து வரும். ரெண்டு நிமிசத்துல புள்ள சிரிச்சிரும்.

ஆனா அந்த மிஷினுக்குக் கரண்ட் வேணும். ஓடுற வீட்டுக்குக் கரண்டுக்கு எங்க போறது?

அதுக்குத்தான் ஆவுடை ஒரு கரண்ட் பெட்டி வாங்குனான். அரிசி மூட்டைய நறுக்கி வச்ச மாதிரி குட்டைப் பெட்டி, மேல கைப்பிடி. நாம குடத்துல தண்ணி புடிச்சு வச்சுக்கிறோம்ல, அப்படி அது கரண்டப் புடிச்சு வச்சுக்கும். வேன் கூரையில ஒரு கறுப்புப் பலகை. அது வெயில வாங்கி வாங்கிப் பெட்டிக்கு ஊட்டும். எவ்வளவு இருக்குன்னு நெத்தியில நம்பர் எரியும்.

கடை அண்ணாச்சி சொன்னாரு, "தம்பி, இது வெயிலத் தின்னும். தாங்குற பாரம்தான் தாங்கும். அவ்வளவுதான்." அப்புறம் இன்னொண்ணும் சொன்னாரு. அதுக்குள்ள ஆவுடை பெட்டியத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு வாசலத் தாண்டிட்டான்.

பெட்டிக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன ஓட்டை. அதுக்குள்ள ஒரு ஃபேன் உஸ்ஸ்ஸ்ஸ்னு சுத்தும். இசக்கி அந்தப் பக்கமாத்தான் தலை வச்சுப் படுப்பா. ஓட்டையில கைய வச்சுப் பாத்துட்டு, "யம்மா, பெட்டிக்கு இதுதான் மூக்கு"ன்னு சொல்லுவா.

"ஆமாட்டி, சளி வந்தா நீயே சிந்தி விடு"ம்பா பிரமு.

இப்படி நல்லாத்தான் போச்சு. அப்போ ஒரு நாள் காலையில, ஆவுடைக்கு ராசா மாதிரி வாழணும்னு ஆசை வந்துருச்சு. கிரைண்டர மாட்டுனான். கரண்ட் அடுப்ப மாட்டுனான். அது போதாதுன்னு இஸ்திரிப் பெட்டியையும் மாட்டுனான்.

பீப் பீப் பீப்... டொக்!

அவ்வளவுதான். மாவு பாதியில நிக்குது, தோசை வேகல, சட்டையில ஒரு கை மட்டும் தேச்சிருக்கு. ஆவுடை தெகைச்சுப் போய் நிக்கான்.

பிரமு கேட்டா, "ஏங்க, ஒத்த மாட்டுல மூணு ஏரப் பூட்டுனா அது படுக்காம என்ன செய்யும்?"

ரெண்டக் கழட்டுனான். பெட்டி மறுபடி உசுரு வந்து உஸ்ஸ்ஸ்னுச்சு. தப்பிச்சாங்க. ம் எங்க?

ம்.

அப்புறம் ரெண்டாவது கூத்து. நம்ம ஆளுக வண்டிய எங்க நிறுத்துவாங்க? நெழலப் பாத்துத்தான? ஆவுடையும் அப்படித்தான். ஆல மரம், புளிய மரம், எங்க நெழலோ அங்க நிறுத்துவான். மூணு நாளு ஒரு ஆல மரத்தடியில குளுகுளுன்னு இருந்தாங்க. நாலாம் நாளு பெட்டி நெத்தியப் பாத்தா, முட்டை! பெரிய முட்டை!

"திருட்டுப் பெட்டி! எவனோ வந்து உறிஞ்சிட்டான்டி!"ன்னு ஆவுடை கத்துறான்.

பிரமு மேல பாத்தா. கூரைப் பலகை மேல ஆல எலை மெத்தை மாதிரி கெடக்கு. "உறிஞ்சவன் எவனும் இல்ல. மூணு நாளா அதப் பட்டினி போட்டிருக்கோம். இது வெயிலத் தின்கிறது, நீங்க நெழலப் போட்டா?"

அந்த நேரம் பாத்து இசக்கி நெஞ்சுல கீச்! மூச்சு மிஷினத் தூக்கிக்கிட்டு எதுத்தாப்ல டீக்கடைக்கு ஓடுனாங்க. டீக்கடைக்காரரு பாட்டுப் பெட்டியப் புடுங்கிட்டு, "மொதல்ல புள்ளையப் பாரும்மா"ன்னு எடம் குடுத்தாரு. டர்ர்ர். தப்பிச்சாங்க.

அன்னையிலிருந்து ஆவுடை நட்ட நடு வெயில்ல வண்டிய நிறுத்துவான். போற வாறவங்க எல்லாம், "அடப் பாவி, இத்தனை மரம் இருக்கு, கிறுக்கு முத்திருச்சு போல"ன்னு வாயில கைய வச்சுக்கிட்டுப் போவாங்க.

அப்புறம் ஆயுத பூசை வந்துச்சு. அப்போ அவங்க ஒரு மலை மேல இருந்தாங்க. நாப்பது வளைவு ஏறிப் போகணும். பக்கத்துல ஒரு வீடு கெடையாது. காத்துன்னா அப்படி ஒரு காத்து, இசக்கி நாலு மாசமா முட்டாம ஓடி ஆடுறா.

பிரமுவுக்கு நெஞ்செல்லாம் நெறஞ்சு போச்சு. "எம் புள்ளைய இத்தனை நாளு காப்பாத்துனது இந்தச் சாமிதான்"னு பெட்டியக் கழுவாத கொறையாத் தொடச்சா. சந்தனத்தக் குழைச்சா. அஞ்சு வெரலையும் வச்சு, முன்னால, பின்னால, ரெண்டு பக்கமும், கொழகொழன்னு அப்புனா. அதுக்கு மேல குங்குமம். அதுக்கு மேல கதம்ப மாலை ரெண்டு சுத்து. அதுக்கும் மேல, தன் கல்யாணப் பட்டுல கிழிச்ச துண்டப் போத்தி விட்டா!

பொங்கலும் அந்தப் பெட்டிக் கரண்டுலதான் பொங்குச்சு. டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சாங்க. பூசணிக்காய படார்னு ஒடச்சாங்க. வேனுக்குள்ள சாம்பிராணி எப்பவும் போட மாட்டா. அன்னைக்கு மட்டும், "ஒரு நாளுதான, கதவத் தொறந்து வச்சாப் போச்சு"ன்னு போட்டுட்டா.

கதவு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா திரைச்சீலைக்குள்ள பொகை பதுங்கிக்கிச்சு.

மத்தியானம் சாப்பிட்டு இசக்கி உள்ள படுத்தா. கீச். கீச் கீச். உதடு வெளுக்குது!

"ஏங்க! வண்டிய எடுங்க!"

ஆவுடை எலையப் போட்டுட்டு ஓடியாந்தான். வண்டி கெளம்பிருச்சு, பாம் பாம்னு ஒவ்வொரு வளைவா எறங்குது. ஆசுபத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். பிரமு பின்னால மூச்சு மிஷின மாட்டுறா. டர்ர்...

பீப் பீப் பீப். டொக்!

பட்ட வெலக்கி நெத்தியப் பாத்தா, நூத்துக்கு எண்பத்திரெண்டு! கூட ஒரு செவப்பு வெளக்கு மினுக் மினுக்குன்னு எரியுது. வயித்துல சோறு நெறஞ்சு இருக்கையில எப்படிச் சாகும்? அமுக்குறா. வரல. மறுபடி அமுக்குறா. வரல.

"சாமி! சந்தனம் வச்சேனே! பட்டு போத்துனேனே! என்ன கொறை வச்சேன்?"

"பெட்டி செத்துப் போச்சா?"

இரு, சொல்லுதேன். கதை இன்னும் முடியல.

அப்போ இசக்கி அம்மா சீலையப் புடிச்சு இழுத்தா. பேச்சு வரல. ஒவ்வொரு சொல்லா எடுத்து எடுத்து வச்சா.

"யம்மா... உஸ்... இல்ல."

"என்னம்மா?"

"உஸ்... கேக்கல. அதுக்கும்... முட்டுது... மூக்கு."

பிரமு பெட்டியத் தொட்டா. சுட்ட கல்லு! சந்தனம் காஞ்சு ஒரு ஓட்டை விடாம அடைச்சிருக்கு. அதுக்கு மேல மாலை, அதுக்கு மேல பட்டு.

அய்யய்யோ! சாமின்னு கும்பிட்டு, மூக்கப் பொத்தி வச்சிருக்கா! கடை அண்ணாச்சி சொன்ன அந்த இன்னொண்ணு இதுதான், ஓட்டைய மூடாதன்னு.

பட்ட வீசுனா. மாலைய அத்தெறிஞ்சா. வெளக்கமாத்துல ஒரு ஈர்க்க உருவி, சந்தனத்தக் குத்திக் குத்தி எடுக்கிறா. ஓட்டை எத்தனை? நூறு! வண்டி அந்தப் பக்கம் ஆடுது, இந்தப் பக்கம் ஆடுது. வெரல்ல ரத்தம். அது குங்குமமா ரத்தமான்னு தெரியல. ஓட்டை தொறந்தும் பெட்டி எந்திரிக்கல, சூடு ஆறணும்ல. ஒரு கையில சொளகு, புள்ளைக்கு வீசுறா. ஒரு கையில சாமி படத்த எடுத்து, பெட்டிக்கு வீசுறா!

"மூச்ச விடு மக்கா, மூச்ச விடு, மூச்ச விடு." யாருக்குச் சொல்லுறான்னு அவளுக்கே தெரியல.

பத்து வளைவு போச்சு. பதினஞ்சு வளைவு போச்சு. செவப்பு வெளக்கு அணைஞ்சுது. பிரமு கண்ண மூடிக்கிட்டு அமுக்குனா.

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

டர்ர்ர்ர்ர்.

மூடிக்குள்ள மருந்துப் பொகை வந்துச்சு. இசக்கி இழுத்தா. கீச் கொறைஞ்சுது. இன்னும் இழுத்தா. உதட்டுல நெறம் வந்துச்சு. முன்னால ஆவுடை, "ஏட்டி, என்னாச்சு, சொல்லித் தொலை!"ன்னு அழுகுறான். இசக்கி மூடிய எடுத்துட்டுச் சொன்னா, "யப்பா, பைய போ. பொங்கல் வெளிய வந்துரும்."

ஆசுபத்திரிக்கும் போனாங்க. டாக்டரம்மா நெஞ்சுல கொழாய வச்சுப் பாத்துட்டு, "நல்லா இருக்கா. மிஷின் மட்டும் ஓடலேன்னா..." அப்படின்னு நிறுத்திக்கிட்டாங்க.

அடுத்த வருசமும் ஆயுத பூசை வந்துச்சு. எல்லாரும் சந்தனமும் மாலையுமா நிக்காங்க. பிரமு பெட்டி உச்சியில ஒரே ஒரு பொட்டு, கடுகத்தனை, வச்சா. சாம்பிராணி கெடையாது. மாலை கெடையாது. அதுக்கப்புறம் முட்டி போட்டு, ஓட்டையில காத வச்சுக் கேட்டா.

உஸ்ஸ்ஸ்ஸ்.

"போதும் சாமி"ன்னா.

ஏ மக்கா, போர்வைய மூக்கு வரைக்கும் இழுக்காத. எறக்கு. ஆங், அப்படி. கதைக்குச் சார்ஜ் தீந்துச்சு, கண்ணு வெளக்க அணைச்சுக்கோ. உஸ்ஸ்ஸ்ஸ்.