பல்லி விழுங்கிய சொல்

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் நிறையப் பேச்சு இருந்தது. ‘ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி’ என்று இன்றைக்குக் கேலி செய்கிறோமே, அதெல்லாம் அப்போது நடக்காது. சுவரில் இருப்பதால் எல்லாவற்றையும் பார்க்கும், யார் வீட்டுச் சோற்றையும் தின்னாததால் பொய் சொல்லாது என்று வழக்குகளில் பல்லியைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அது மறுத்துச் சொல்லாவிட்டால், கடைசியாகப் பேசியவர் பக்கம் தீர்ப்பு. அப்படி ஒரு வழக்கம்.

மதுரைக்கு மேற்கே ஒரு மொட்டை மலை. அதன் குகையில் கெவுளி என்றொரு பல்லி குடியிருந்தாள். அந்நாளில் பல்லிகளுக்கு ஆயுளும் நீளம். அங்கே முதலில் வந்த சமணத் துறவிகள் பாறையில் படுக்கை வெட்டியதையும், சுவரில் தங்கள் தீர்த்தங்கரரைச் செதுக்கியதையும், பக்கத்தில் அவருக்குக் காவல் தெய்வமாக ஓர் இயக்கியை நிறுத்தியதையும் அவள் கண்ணால் பார்த்தவள். மயிற்பீலியால் தரையைப் பெருக்கிவிட்டுத்தான் காலை வைப்பார்கள் அவர்கள். மழை பொய்த்து, படியளந்த அரசனும் போனபின், ஒவ்வொருவராக மலையிறங்கிப் போனார்கள். பிறகு ஆடு மேய்க்கிறவர்கள் வந்தார்கள். நிற்கிற சிலைக்கு எண்ணெய் பூசி ‘அய்யன்’ என்றார்கள். அவருக்கென்ன, அவர் எப்போதும்போல் நின்றார்.

ஒருமுறை புது அரசனின் ஆட்கள் வந்து இயக்கியைக் காட்டி, “இது யார் வைத்தது?” என்று கேட்டார்கள். கெவுளி உள்ளதைச் சொன்னாள். உச்சிப்பொழுதுக்குள் உளிகள் அந்த இயக்கியைப் பாறையிலிருந்து வழித்து எடுத்துவிட்டன. இயக்கியின் மடிக்குள் கெவுளி இட்டிருந்த முட்டைகளும் சல்லியோடு போயின. கெவுளி அழுதாள். ஆனாலும் பொய் சொல்லவில்லை என்ற பெருமையை விடவில்லை. அந்தப் பெருமையைத் தின்றுதான் அந்த வருஷத்தைக் கழித்தாள்.

அடுத்த முறை அவள் முட்டையிட்டது தீர்த்தங்கரரின் நீண்ட காதுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில். முட்டைக்குள் குஞ்சுகள் அசையத் தொடங்கிய நேரம், மழவராயன் என்ற அதிகாரி கல்தச்சர்களோடு வந்து நின்றார். அந்தக் குகையைச் சிவனுக்குக் கோயிலாக்கச் சொல்லி அரசன் ஆணை.

“நம்ம சாமியா இருந்தா இருக்கட்டும். இல்லேன்னா செதுக்கித் தள்ளிட்டுச் சுவரைச் சமமாக்கு” என்றார் அவர்.

ஆட்டுக்காரர்களின் தலைவி ஒச்சாயி முன்னால் வந்தாள். “இவரு எங்க அய்யன் சாமி. எங்க பிள்ளைகளுக்கு இவரு காலடியிலதான் முடியிறக்குறோம்.”

“உங்க அய்யன் ஏன் ஆத்தா துணியில்லாம நிக்கிறாரு?”

“சுடுகாட்டுல ஆடுற உங்க சாமி மட்டும் பட்டா கட்டியிருக்காரு? ரெண்டு பேரும் ஒருத்தருதான். வேணும்னா பல்லியக் கேளுங்க.”

தச்சர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மழவராயன் சுவரை நிமிர்ந்து பார்த்தார். “கெவுளி, இந்தம்மா சொல்றது மெய்தானா?”

மெய் இல்லை. செதுக்கியவர்களின் முகம், பெயர், குரல் எல்லாம் கெவுளிக்குத் தெரியும். ‘இவர் உங்களுடையவரும் இல்லை, அவர்களுடையவரும் இல்லை, போய்விட்டவர்களுடையவர்’ என்ற பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் முட்டைகள் இருந்தன. உளி பிடித்த கை பாறையருகே காத்திருந்தது. கெவுளி அந்தச் சொல்லை அப்படியே விழுங்கினாள். விழுங்கும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிய்ந்தது. ‘ச்சு, ச்சு’ என்ற ஓசை மட்டும் வெளியே வந்தது.

“மறுக்கவில்லை” என்றார் மழவராயன். ஒச்சாயி பாறையை விரலால் தட்டி, “பல்லியே சொல்லியாச்சு” என்றாள். உளிகள் பைக்குள் போயின. சிலைக்குத் திருநீறு பூசினார்கள். அடுத்து வந்த அரசன் நாமம் போட்டான், அதற்கடுத்தவன் கதவைப் பூட்டிப் படைக்கலம் அடுக்கினான். ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்துக் கேட்டார்கள், ஒவ்வொருவரும் பாறையைத் தட்டிவிட்டுப் போனார்கள். சிலை மூக்குகூடச் சிதையாமல் நின்றது.

அதெல்லாம் பின்னால் நடந்தது. மழவராயன் வந்துபோன சில நாளில் முட்டைகள் பொரிந்தன. மூத்த குஞ்சு தலையை நீட்டி, தான் பிறந்த காதை அண்ணாந்து பார்த்தது. “அம்மா, இது யாரு?” என்று கேட்டது.

கெவுளி ஆசை ஆசையாக வாயைத் திறந்தாள். சொல்லவேண்டிய இடத்தில் சொல்லை விழுங்கிய வாய்க்கு மறுபடி சொல் வரவில்லை. எத்தனை முறை முயன்றும் அதே ஓசைதான் வந்தது. குஞ்சு அதுதான் அவர் பெயர் என்று எண்ணி, தானும் அப்படியே சொல்லிப் பார்த்தது.

அன்று முதல்தான் பல்லிகளுக்கு அந்த ஓசையைத் தவிர வேறு பேச்சில்லை. சுவரில் அது கேட்டதும், பேசிக்கொண்டிருந்தவர் யாராயிருந்தாலும் தரையைத் தட்டி, “பார்த்தீர்களா, நான் சொன்னதே மெய்” என்கிறார்.