பீங்கான் கிண்ணமும் பச்சைப்பயறும்

அந்தக் காலத்தில் பயறும் பேசும், பாத்திரமும் பேசும். அதிலும் பச்சைப்பயறுக்கு வாய் கொஞ்சம் அதிகம். முளைவிட்டால் ஊசி மாதிரி நேராக நிற்கும். "எங்க வம்சத்துல யாரும் தலை குனிஞ்சதில்லை" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்ளும்.

சீனத் துறைமுகம் ஒன்றில் லியன் என்றொருத்தி பீங்கான் வனைந்து பிழைத்தாள். அவள் கணவன் தாவோ நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிப் போனவன், கரை தெரியும் தூரத்தில் மூழ்கிப்போனான். அந்த ஊர்ப் புத்த விகாரையில், தான் செய்த கிண்ணத்தில், அவன் பெயரைச் சொல்லிப் படையல் வைக்க வேண்டும் என்று லியன் ஆசைப்பட்டாள். வைக்கோல் சுற்றி இரண்டு முறை கிண்ணம் அனுப்பினாள். இரண்டு முறையும் உடைந்த சில்லுகள்தான் போய்ச் சேர்ந்தன.

மூன்றாவது கிண்ணத்தைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் ஈர மணலும் பச்சைப்பயறும் நிரப்பினாள்.

"தினமும் கொஞ்சம் தண்ணி தெளி, தம்பி. பயறு முளைச்சுப் பின்னிக்கிட்டா கிண்ணம் அசையாது. இன்னொண்ணு செய்ய எனக்குக் கண்ணு தெரியலை."

"நான் பாத்துக்கிறேம்மா" என்றான் நாகப்பட்டினத்து மாலுமி சாத்தன். சொன்னபடியே தெளித்தான்.

நடுக்கடலில் புயல் அடித்தது. பெட்டியின் மூடி பிளந்தது. விடிந்ததும் உள்ளே வெளிச்சம் விழுந்தது, ஆனால் அலை அடங்கவில்லை. வெளிச்சத்தைக் கண்ட முளைகள் மேலே எழும்பின. பிடி தளர்ந்து கிண்ணம் பெட்டியில் இடித்தது.

"நீங்க போயிட்டா நான் உடைஞ்சிடுவேன்" என்றது கிண்ணம்.

"இங்கேயே கிடந்தா நாங்க செடியாக மாட்டோம். பூக்க மாட்டோம், காய்க்க மாட்டோம். எங்களுக்கும் ஆசை இருக்காதா?" என்றது மூத்த முளை.

"இருக்கும். போங்க. இந்தத் தடவையும் உடைஞ்சிடுச்சுன்னு அவகிட்ட யாராவது பக்குவமா சொல்லிடுங்க."

மூத்த முளைக்கு மனசு கேட்கவில்லை. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, கழுத்தை வளைத்து, கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. மற்ற முளைகளும் முணுமுணுத்துக்கொண்டே வளைந்தன.

நாகப்பட்டினத்தில் சாத்தன் விவரம் சொல்லிக் கொடுத்த பெட்டியைத் திறந்த பிக்கு புத்தமித்திரர் கிண்ணத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"வந்து சேர்ந்தாச்சு. இனிமே நிமிருங்கப்பா" என்றார் முளைகளிடம்.

முளைகள் நிமிரப் பார்த்தன. வளைந்த கழுத்து நிமிரவே இல்லை. பிக்குவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவற்றைக் கழுவி, அதே கிண்ணத்தில் இட்டு, தாவோவின் பெயரைச் சொல்லிப் புத்தர் முன் படைத்தார். கழுவிய தண்ணீரோடு தோட்டத்தில் விழுந்த ஒன்றிரண்டுதான் செடியாகிக் காய்த்தன.

அந்தச் செடிகளின் வழி வந்ததால்தான் பச்சைப்பயறு இன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டே முளைக்கிறது.