நாற்பத்திரண்டு டிகிரி

"எல்லாம் செத்துப்போச்சு மேடம். ஒண்ணுகூடப் பிழைக்கல."

இருதயராஜ் செல் வளர்த்த கண்ணாடித் தட்டை மேஜைமேல் வைத்தார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. பாளையங்கோட்டையில் தாவரவியல் வாத்தியார். சர்க்கரை வியாதியால் அப்பாவின் காலை முழங்காலோடு எடுத்ததைக் கூடவே இருந்து பார்த்தவர். போன வருஷம் தனக்கும் சர்க்கரை என்று தெரிந்ததும் அடித்துப்பிடித்து அந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தார். வழிகாட்டியாக வாய்த்த ஜொஹரா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதற்கெல்லாம் கூச்சப்படுகிற நிலையில் மனிதர் இல்லை. பயம் அப்படி.

"இன்சுலின் சுரக்கிற செல்லுதானே?" என்று தட்டை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தபடி கேட்டார் ஜொஹரா.

"ஆமா மேடம்."

"என்ன செஞ்சீங்க?"

"நீங்க சொன்னதுதான். நாற்பத்திரண்டு டிகிரியில ஒரு மணி நேரம் வச்சேன். லேசா சூடு பட்டா செல்லு தனக்குக் காவலா ஒரு புரதத்தைச் செஞ்சுக்கும், அப்புறம் சர்க்கரையை ஊத்தினாலும் தாங்கும்னு சொன்னீங்க."

"தாங்குமே."

"தாங்கல மேடம். எங்க அப்பாவுக்கும் தாங்கல. எனக்கும் தாங்காது."

கிட்டத்தட்ட அழுதுவிட்டார். ஜொஹரா ஆறுதல் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

"ஒரு தடவைதான் சூட்டுல வச்சீங்களா?"

இருதயராஜ் தயங்கினார்.

"இல்ல. காவல் வந்துச்சோ இல்லையோன்னு ஒரே சந்தேகம். திரும்ப வச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறமும். அஞ்சு தடவை இருக்கும்."

"நடுவுல சும்மா விடலையா? சூடு ஆறின பிறகுதானே சார் அது நிதானமா அந்தப் புரதத்தைச் செய்யும்?"

"எப்படி மேடம் விடுறது? விட்ட நேரத்துல ஏதாவது ஆயிட்டா?"

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்தார். ஊசி குத்த இடம் தேடினார். பத்து விரல் நுனியிலும் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. குத்தாத இடம் லேசில் அகப்படவில்லை.

"இன்னைக்கு எத்தனாவது தடவை?"

"ஒன்பது."

"டாக்டர் எத்தனை தடவை பார்க்கச் சொன்னார்?"

"வாரத்துக்கு ரெண்டு." அவர் குரல் உள்ளே போய்விட்டது. "பார்க்காட்டி நெஞ்சு படபடன்னு அடிக்குது மேடம். தூக்கமே இல்ல. கண்ணை மூடினா அப்பா காலுதான் தெரியுது."

ஜொஹரா செத்த செல்கள் இருந்த தட்டை நுண்ணோக்கிக்குக் கீழிருந்து நகர்த்தினார்.

"விரலை இங்க வைங்க."

இருதயராஜ் ஒன்றும் விளங்காமல் ஆள்காட்டி விரலை வைத்தார்.

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தார். குத்துப்பட்ட இடமெல்லாம் தோல் செத்துக் கறுத்திருந்தது.

"இதை எத்தனை டிகிரியில வச்சிருக்கீங்க, சார்?"